கடன் வாங்கிய பீரியடு

உலகத்தில் மனிதர்கள் பலவிதமான கடன்களை வாங்குகிறார்கள். கைமாற்றுக் கடன் உண்டு. நகையை அடகு வைத்து வாங்கும் கடன் உண்டு. பெண்ணின் கலியாணத்திற்காக வயலை எழுதிக் கொடுத்து வாங்கும் கடனும் உண்டு. இவை எல்லாவற்றினும் விசித்திரமான கடன் ஒன்று பள்ளிக்கூடத்து உபாத்தியாயர்களுக்கு மட்டுமே தெரியும். அதற்குப் பத்திரம் கிடையாது, வட்டி கிடையாது, திருப்பிக் கொடுக்கும் வழக்கமும் கிடையாது. "சார், இன்னிக்கு உங்க பீரியடை நான் எடுத்துக்கிடட்டுமா?" என்பதுதான் அந்தக் கடனை வாங்குவதற்குரிய மந்திரம். மந்திரத்தைச் சொல்பவர் பெரும்பாலும் கணித உபாத்தியாயர். கேட்டு, "சரி சார்" என்று எழுந்து போகிறவர் பெரும்பாலும் டிராயிங் மாஸ்டர்.

நாம் கணித உபாத்தியாயராக இருந்தவர். நாஞ்சில் நாட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் 1978-ஆம் வருஷம் வேலைக்குச் சேர்ந்து 2008-இல் ஓய்வு பெற்றோம். 'நாம்' என்று எழுதுவது பத்திரிகை மரபைப் பற்றியேயன்றி, குற்றத்தில் வேறு யாரையும் பங்காளியாக்கும் உத்தேசத்தினால் அல்ல. இக்கதையில் குற்றவாளி நாம் ஒருவரே.

சென்ற வருஷம் பள்ளி இறுதிப் பரீட்சையின் முடிவு வெளியான மறுநாள், வடசேரியில் நம் வீட்டுப் படிப்புரையில் உட்கார்ந்து, சாயாவும் ஏத்தங்காய் உப்பேரியுமாகப் பொழுதைப் போக்கிக்கொண்டிருந்தோம். பேத்தி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"பாட்டா, நான் என்ன படிக்கப் போறேன்னு தீர்மானிச்சுட்டேன்."

"சொல்லு மக்களே."

"டிராயிங் டீச்சர் ஆகப் போறேன்."

நம் கையிலிருந்த உப்பேரி கையிலேயே நின்றுவிட்டது. உள்ளேயிருந்து அவள் தாயார், அதாவது நம் மருமகள், கரண்டியும் கையுமாக வந்து நின்றாள். "இன்ஜினீயரிங் கிடைக்கிற மார்க்கை வச்சுக்கிட்டு இவ சொல்லுகிறதைக் கேட்டேளா மாமா?" என்றாள். ஆபீசிலிருந்து வந்த மகன், "டிராயிங் டீச்சர் ஆகிறதுக்கு ஒரு படிப்பு வேறயா?" என்று ஆச்சரியப்பட்டான். இவள் ஆச்சியோ, "கோலம் போடத் தெரிஞ்சா போதாதா? அதை நானே சொல்லிக் கொடுத்திருக்கேனே" என்று தம்முடைய தகுதியைத் தெரிவித்துக்கொண்டாள். மூன்று பேரும் வழக்கைக் கடைசியில் நம்மிடம் கொண்டு வந்தார்கள்.

"அப்பா, நீங்க முப்பது வருஷம் வாத்தியாரா இருந்தவங்க. நீங்களே சொல்லுங்க."

நியாயாதிபதியின் ஆசனத்தில் நம்மை உட்கார்த்திவிட்டார்கள். நமக்கோ அந்த நேரத்தில் கைதிக் கூண்டுதான் பொருத்தமாய்த் தோன்றியது. "விசாரிச்சுச் சொல்லுகிறேன்" என்று தப்பித்துக்கொண்டோம். அன்றிரவு தூக்கம் வரவில்லை.

* * *

நம் பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர் ஒருவர் இருந்தார். மெலிந்த தேகம், வெள்ளை வேஷ்டி, சட்டைப் பையில் எப்போதும் சீவி வைத்த இரண்டு பென்சில்கள். பள்ளிக்கூடத்து ஆண்டு விழாவுக்கு வரவேற்புப் பலகை எழுதுவது அவர். விஞ்ஞான உபாத்தியாயருக்கு இருதயத்தின் படம் வரைந்து கொடுப்பது அவர். சுதந்திர தினத்தன்று கொடிக் கம்பத்தைச் சுற்றிக் கோலம் போடுவதும் அவர். எல்லோருக்கும் அவர் தேவைப்பட்டார். அவருடைய வகுப்பு மட்டும் ஒருவருக்கும் தேவைப்படவில்லை.

எட்டாம் வகுப்புக்கு வாரத்தில் ஒரு பீரியடு டிராயிங். அந்த ஒன்றையும் நாம் வாங்கிவிடுவோம். கால் பரீட்சை, அரைப் பரீட்சை, முழுப் பரீட்சை என்று காரணங்களுக்குக் குறைவு இல்லை. பரீட்சை இல்லாத காலத்தில் 'போர்ஷன் முடியவில்லை' என்ற அருமருந்து இருக்கவே இருக்கிறது. நாம் வகுப்பு வாசலில் சாக்குக்கட்டியுடன் நிற்பதைக் கண்டதுமே அவர் தம் பென்சில்களைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்துவிடுவார். பையன்களுடைய முகங்கள் வாடுவதைப் பார்த்து, 'கணக்கென்றால் பையன்களுக்குக் கசப்புத்தான், மருந்து கசக்காதா?' என்று நம்மை நாமே தேற்றிக்கொள்வோம்.

ஒரே ஒரு தடவை அவர் மறுத்தார். 1994-ஆம் வருஷம், கார்த்திகை மாதம். வழக்கம்போல் நாம் வாசலில் போய் நின்றபோது அவர் எழுந்திருக்கவில்லை.

"சார், அடுத்த வாரம் இந்தப் பீரியடையும் அதுக்குப் பின்னால வருகிற உங்க பீரியடையும் எனக்குத் தரணும். பிள்ளைகளைச் சுசீந்திரத்துக்குக் கூட்டிட்டுப் போகணும். பிரகாரத்துத் தூணிலே விளக்கேந்தி நிற்கிற பாவைகளைப் பார்த்து வரையட்டும். ஹெட்மாஸ்டர் கிட்டக் கேட்டுட்டேன். நீங்க சம்மதிச்சாப் போதும்."

அரைப் பரீட்சைக்கு மூன்று வாரந்தான் இருந்தது. "பரீட்சை முடியட்டுமே சார், பார்க்கலாம்" என்றோம். பரீட்சை முடிந்தது, பிறகு பொங்கல் வந்தது, பிறகு முழுப் பரீட்சை. மறு வருஷம் அவர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். பையன்கள் சுசீந்திரத்துக்குப் போகவில்லை. அவருடைய இடத்திற்கு வேறு ஒருவரும் வரவுமில்லை. ஆகையால் 1995-க்குப் பிறகு கடன் கேட்கும் சிரமங்கூட நமக்கு இல்லாமல் போயிற்று; பீரியடு தானாகவே நம்மிடம் வந்து சேர்ந்தது.

கணித உபாத்தியாயராகையால் தூக்கம் வராத அந்த இரவில் ஒரு கணக்குப் போட்டோம். வாரம் ஒரு பீரியடு, வருஷத்திற்கு நாற்பது வாரம், முப்பது வருஷம். ஆக 1,200 பீரியடுகள். ஒரு பீரியடு நாற்பத்தைந்து நிமிஷம். ஆக 900 மணி நேரம். இது ஒரு வகுப்பின் கணக்கு. வகுப்பில் இருந்த நாற்பது பிள்ளைகளால் பெருக்கிப் பார்க்க மனம் துணியவில்லை. ஆனாலும் பழக்க தோஷத்தால் பெருக்கிவிட்டோம். முப்பத்தாறாயிரம் மணி நேரம்! இவ்வளவு பெரிய கடனாளியிடம் போய், டிராயிங் டீச்சர் வேலை நல்லதா, கெட்டதா என்று தீர்ப்புக் கேட்கிறார்கள்!

* * *

வாக்குக் கொடுத்தபடி விசாரிக்கப் புறப்பட்டோம். விசாரித்ததில் முதலில் தெரிந்து வெட்கப்பட்ட சங்கதி: நாம் சாதாரணமாக நினைத்த டிராயிங் மாஸ்டர், நம்மைவிட அதிகமான பரீட்சைகளைத் தேறி வந்தவர் என்பது.

தமிழ்நாட்டில் இதற்குப் பழைய பாதை ஒன்று உண்டு. சர்க்கார் நடத்தும் தொழில்நுட்பப் பரீட்சைகளில் டிராயிங்குக்கு லோயர் கிரேடு, ஹையர் கிரேடு என்று இரண்டு படிகள். கருவி எதுவுமின்றிக் கைப்பழக்கத்தாலேயே உருவத்தின் விளிம்பை வரைவது 'பிரீ ஹாண்ட் அவுட்லைன்'. எதிரே வைத்த பாத்திரத்தையோ பெட்டியையோ கண்ணுக்குத் தெரிகிறபடி வரைவது 'மாடல் டிராயிங்'. கீழ்ப்படி தேறியவர் மேற்படிக்குப் போகலாம். மேற்படியும் தேறியபின் கோடை விடுமுறையில் 42 நாள் தொழில் ஆசிரியர் பயிற்சி. அதில் தேறினால் சான்றிதழ். அந்தச் சான்றிதழ்தான் வகுப்பு அறைக்குள் நுழைவதற்கு அனுமதிச் சீட்டு.

இந்தப் பரீட்சைகளின் பூர்வோத்தரத்தைத் தேடிக்கொண்டு போனால் அது நம்மைச் சீமைக்கே கொண்டுபோய் விடுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்திலே யந்திரசாலைகள் பெருகின. துணியிலும் பீங்கானிலும் நல்ல வடிவங்கள் வேண்டியிருந்தன. அதற்காக லண்டனில் தென் கென்ஸிங்டனை மையமாக வைத்து, தேசம் முழுவதற்கும் ஒரே மாதிரியான சித்திரப் பாடத் திட்டம் ஒன்றை வகுத்தார்கள். நேர்கோட்டிலிருந்து தொடங்கிப் படிப்படியாக ஏறவேண்டும். அதைக் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கும் சான்றிதழ் கொடுத்தார்கள். அதன் சாயல் கப்பலேறி நம் நாட்டுக்கும் வந்தது. சென்னையிலே 1850-இல் அலெக்ஸாண்டர் ஹண்டர் என்ற வைத்தியர் சித்திரப் பள்ளிக்கூடம் ஒன்றைத் தொடங்கினார். பிறகு அது சர்க்கார் பள்ளியாயிற்று. 1884 முதல் சில வருஷங்கள் அதற்குத் தலைவராயிருந்த ஹாவெல் என்ற ஆங்கிலேயர், பிற்பாடு கல்கத்தாவுக்குப் போய், "இந்தியப் பிள்ளைகள் கிரேக்கச் சிலைகளின் நகலை ஏன் வரைய வேண்டும்? தங்கள் நாட்டுச் சித்திரத்தைப் பார்க்கட்டும்" என்ற கட்சியைப் பேசியவர்களில் முக்கியமானவர். அதே சென்னைப் பள்ளிக்கு 1929-இல் தேவி பிரஸாத் ராய் சௌதுரி முதல் இந்தியத் தலைவராய் வந்தார். அவருக்குப் பின் கே. ஸி. எஸ். பணிக்கர். இன்று அது கவின்கலைக் கல்லூரி.

ஆகவே இரண்டாவது பாதையும் ஒன்று உண்டு. சென்னையிலோ கும்பகோணத்திலோ உள்ள கவின்கலைக் கல்லூரியில் நாலு வருஷம் படித்துப் பட்டம் பெறலாம். நம் ஊருக்கு அதைவிடக் கிட்டத்தில், எழுபது கிலோமீட்டர் அளவில், திருவனந்தபுரத்திலும் அப்படிப்பட்ட கல்லூரி இருக்கிறது. 1956 நவம்பர் முதல் தேதி வரையில் இந்த ஜில்லாவுக்கும் அதுதானே தலைநகரம்! ரவிவர்மா பிறந்த கிளிமானூர் அதற்கு அப்பால் வெகு தூரத்தில் இல்லை.

அயல் நாடுகளில் எப்படி என்றும் விசாரித்தோம். அமெரிக்காவிலே ஒவ்வொரு மாகாணமும் ஆசிரியருக்குத் தனியே லைசென்சு கொடுக்கிறது. வைத்தியருக்கும் வக்கீலுக்கும் இருப்பதைப் போல டிராயிங் டீச்சருக்கும் லைசென்சு! பட்டம் வேண்டும், ஆசிரியப் பயிற்சி வேண்டும், பல வாரங்கள் ஒரு பள்ளிக்கூடத்தில் மூத்த ஆசிரியரின் மேற்பார்வையில் வகுப்பு நடத்திக் காட்ட வேண்டும், அநேக மாகாணங்களில் பரீட்சையும் எழுதவேண்டும். பட்டத்துக்கு மேற்பட்டமும் பெற்றுவிட்டு ஆரம்பப் பள்ளிக் குழந்தைகளுக்குச் சித்திரம் கற்பிக்க வருகிறவர்கள் அங்கே பலர். இங்கிலாந்திலும் பட்டத்துக்குப் பின் ஒரு வருஷப் பயிற்சி உண்டு. நம் தேசத்திலும் ஆசிரியர் கல்விக்கான தேசியக் குழு 2014-இல் வெளியிட்ட விதிகளில், சித்திரக் கல்விக்கென்று இரண்டு வருஷ டிப்ளோமா ஒன்றுக்கு இடம் வைத்திருக்கிறது. நாற்பத்திரண்டு நாளுக்கும் இரண்டு வருஷத்துக்கும் உள்ள வித்தியாசத்தை நேயர்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். கணக்குப் போடுவதில் நமக்கு இப்போது கொஞ்சம் பயம் வந்திருக்கிறது.

படிப்பு இருக்கட்டும், வேலை? மகன் கேட்டதும் அதைத்தான். 2009-ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம் நல்ல சட்டம். ஆனால் ஆறு முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளில் நூறு பிள்ளைகளுக்கு மேற்பட்டால் சித்திரத்துக்கு ஆசிரியர் வேண்டும் என்று சொல்லும் இடத்தில், அவரைப் 'பகுதி நேர' ஆசிரியர் என்றே அது சொல்லுகிறது. தமிழ்நாட்டில் 2012-இல் சித்திரம், தேகப் பயிற்சி, தையல், சங்கீதம் முதலியவற்றுக்கு 16,549 பகுதி நேர ஆசிரியர்களை நியமித்தார்கள். வாரத்தில் மூன்று அரை நாள் வேலை. தொடக்கத்தில் மாதம் ஐயாயிரம் ரூபாய் சம்பளம். பின்னர் அது சிறுகச் சிறுக உயர்ந்தது. முழு நேர வேலைக்கென்று 2017-இல் சிறப்பாசிரியர் பரீட்சை ஒன்று நடந்தது. நான்கு பாடங்களுக்கும் சேர்த்து 1,325 இடங்கள்.

இவற்றையெல்லாம் ஒரு தாளில் எழுதி வீட்டாரிடம் கொடுத்தோம். மகன் ஐயாயிரம் என்ற எண்ணைப் பார்த்ததும் தாளை மடித்துக் கீழே வைத்துவிட்டான். பேத்தி அதை எடுத்துப் பத்திரப்படுத்திக்கொண்டாள்.

* * *

தீர்மானம் ஆவதற்குள்ளாகவே அவள் சாதகத்தைத் தொடங்கிவிட்டாள். படிப்புரையில் ஒரு முக்காலியைப் போட்டு, அதன்மேல் ஆச்சியின் பித்தளைக் குடத்தை வைத்தாள். எதிரே உட்கார்ந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு கையை நேராக நீட்டிப் பென்சிலைப் பிடித்தாள். கட்டை விரலைப் பென்சிலின்மேல் மேலும் கீழுமாய் நகர்த்தினாள்.

"என்ன மக்களே, குடத்தைக் குறி பார்க்கிறாயா?"

"அளக்கிறேன் பாட்டா. குடத்தின் அகலம் எவ்வளவு, உயரம் அதிலே எத்தனை பங்குன்னு பார்க்கணும். கையை மடக்கினா அளவு மாறிப் போகும்."

விகிதசமம்! முப்பது வருஷம் நாம் கரும்பலகையில் போட்ட கணக்கை இவள் கட்டை விரலில் போடுகிறாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தோம். குடத்தின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு மெல்லிய அச்சுக் கோடு. அதன் இருபுறமும் உடல் சமமாக விரிய வேண்டும். பிறகு குடத்தின் வாய். நாமும் ஒரு தாளை வாங்கி வரைந்தோம். நம் குடத்தின் வாய், இரு பக்கமும் கூர்மையாக, மீனின் வடிவத்தில் அமைந்தது. அடிப்பாகத்தை நேர்கோடாகப் போட்டு முடித்தோம்.

பேத்தி சிரித்தாள். "பாட்டா, குடத்தின் வாய்க்கு மூலை ஏது? வட்டத்தைச் சாய்ச்சுப் பார்த்தா நீள்வட்டம். மேலே வாய் நீள்வட்டமா இருந்தா, கீழே அடி எப்படி நேர்கோடா இருக்கும்? அதுவும் நீள்வட்டந்தான். கண் மட்டத்திலிருந்து கீழே போகப் போக அது இன்னும் உருண்டையாத் தெரியும். குனிஞ்சு பாருங்க."

குனிந்து பார்த்தோம். முக்காலியின் கீழே ஒரு தம்ளரை வைத்துக் காட்டினாள். அதன் வாய் அநேகமாக முழு வட்டம். தலைக்கு நேரே உயர்த்திப் பிடித்தாள். கண் மட்டத்துக்கு வந்ததும் அதன் வாய் ஒரு கோடாய் ஒடுங்கிவிட்டது.

கல்லூரியில் நீள்வட்டத்தின் சமன்பாட்டைப் படித்து உயர்ந்த மார்க்கு வாங்கியவர் நாம். எழுபது வருஷமாய்க் குடத்திலே தண்ணீர் குடித்தவரும் நாமே. இரண்டும் ஒன்றென்று சொல்லித் தர ஒரு பித்தளைக் குடமும் பதினேழு வயதுப் பெண்ணும் வேண்டியிருந்தது. அப்பொழுதுதான் உறைத்தது: நாம் கணக்குக்காக டிராயிங்கைப் பறித்தோம் என்று நினைத்திருந்தோமே, கணக்கின் கண்ணையே அல்லவா பறித்திருக்கிறோம்!

* * *

மறுநாள் பேத்தியை அழைத்துக்கொண்டு தோவாளைக்குப் போனோம். டிராயிங் மாஸ்டர் அங்கேதான் இருக்கிறார். வயது தொண்ணூறை நெருங்குகிறது. பூச்சந்தையைத் தாண்டி, பிச்சியும் அரளியும் மணக்கும் தெருவில் சின்ன வீடு. நம்மைக் கண்டதும், "வாங்க சார், இருங்க" என்று எழுந்திருக்கப் பார்த்தார். பழைய ஞாபகத்தில் நமக்குச் சுரீர் என்றது. "நீங்க எழுந்திருக்கவே வேண்டாம் சார். நான் பீரியடு கேட்க வரலை, திருப்பிக் கொடுக்க வந்திருக்கேன்" என்றோம்.

அவர் வாய்விட்டுச் சிரித்தார். 900 மணி நேரக் கணக்கைச் சொன்னோம். பேத்தியின் விருப்பத்தையும் சொன்னோம். அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்தார்.

"சார், ஒரு உண்மை சொல்லுகிறேன். ஆரம்பத்தில் நீங்க பீரியடு கேட்டப்போ எனக்கு உள்ளுக்குள்ளே சந்தோஷம். வரைய எனக்குத் தெரியும். நாற்பது பிள்ளைகளை வச்சுக்கிட்டு என்ன செய்யணும்னு தெரியாது. ஆறு வாரப் பயிற்சியிலே அதை யார் சொல்லித் தந்தா? போர்டிலே மாம்பழம் வரைவேன், 'பார்த்து வரை'ம்பேன். பத்து நிமிஷத்திலே வகுப்பு சந்தையாப் போகும். வாசல்லே உங்களைப் பார்த்தா, அப்பாடான்னு இருக்கும்."

உள்ளே போய் ஒரு பழைய கட்டைக் கொண்டுவந்து அவிழ்த்தார். பையன்கள் வரைந்த தாள்கள். ஒன்றை உருவி நம்மிடம் நீட்டினார். பள்ளிக்கூடத்துக் கட்டடம், அதன் முன்னால் கட்டடத்தைவிட உயரமாக ஒரு மனிதர், கையில் தென்னை மரத்தின் பருமனில் ஒரு கம்பு. வகுப்பின் வாசலை முழுவதும் மறைத்துக்கொண்டு அவர் நிற்கிறார். மூக்குக் கண்ணாடியிலிருந்து அவர் யார் என்று தெரிந்துகொள்வதில் நமக்குச் சிரமம் ஏற்படவில்லை. மூலையில் சிவப்பு மையில், பத்துக்கு மூன்று.

"அளவு தப்புன்னு நான்தான் மூணு மார்க்குப் போட்டேன். ரொம்ப வருஷம் கழிச்சு ஒரு நாள் இதைத் திருப்பிப் பார்த்தேன். பையன் தப்பா வரையலை சார். அவனுக்கு எது பெரிசோ அதைப் பெரிசா வரைஞ்சிருக்கான். அவன் மனசை அப்படியே எழுதிக் கொடுத்திருக்கான். அதுக்கு மூணு மார்க்குப் போட்ட எனக்கு யாராவது மார்க்குப் போட்டிருக்கணும். அதுக்குப் பிறகுதான் பிள்ளைகளை வெளியே கூட்டிட்டுப் போகணும், அவன் எதைப் பார்க்கிறான்னு நான் பார்க்கணும்னு தோணிச்சு. சொல்லிக் கொடுக்கத் தெரிஞ்சபோது எனக்குப் பீரியடு இல்லை."

இதற்கு நம்மிடம் பதில் இருக்கவில்லை. அவரும் பதிலை எதிர்பார்த்துச் சொல்லவில்லை. பேத்தியின் பக்கம் திரும்பினார்.

"மக்களே, வரையப் படிக்கிறது பாதிப் படிப்பு. பிள்ளை வரைகிறதைப் பார்க்கப் படிக்கிறது மீதிப் பாதி. அதைச் சொல்லித் தருகிற இடம் எங்கே இருந்தாலும் போய்ப் படி. பரீட்சையையும் விட்டுடாதே, சீட்டு இல்லாம உள்ளே விடமாட்டாங்க."

அவர் தாமாகக் கண்ட இந்த உண்மையை வியன்னா நகரத்தில் பிரான்ஸ் சிஸெக் என்பவர் 1897 முதல் சிறுவர்களுக்கென்று சித்திர வகுப்பு நடத்திக் கண்டார். குழந்தையின் சித்திரம் பெரியவனுடைய சித்திரத்தின் குறைப்பிரசவம் அல்ல, அது தனியான பாஷை என்பது அவர் கட்சி. நம் நாட்டிலே சேவாக்கிராமத்தில் தேவி பிரஸாத் என்ற சித்திர ஆசிரியர் காந்தி மகானின் ஆதாரக் கல்வித் திட்டத்துப் பிள்ளைகளிடையே இருந்து இதையே கண்டார். சித்திரமே கல்விக்கு அடிப்படை என்று புத்தகமும் எழுதினார். மகாத்மாவோ தம் சுய சரிதையில் தம் கையெழுத்து நன்றாயில்லாததற்கு வருந்தி, குழந்தைகளுக்கு எழுத்தைக் கற்பிக்குமுன் சித்திரத்தைக் கற்பிக்கவேண்டும் என்று சொல்லியிருக்கிறார். 1938-இல் ஹரிபுரா காங்கிரஸ் பந்தலுக்குக் கிராமத்து ஜனங்களின் வாழ்க்கையையே படங்களாக எழுதித் தந்தவர் நந்தலால் போஸ். சுதந்திர பாரதத்தின் அரசியல் சாஸனத்தின் மூலப் பிரதியை ஏடுதோறும் சித்திரங்களால் அலங்கரித்தவர்களும் அவரும் அவருடைய சீடர்களுமே. சட்ட புத்தகத்துக்கே சித்திரம் வேண்டும் என்று நினைத்த தேசம் இது. அந்தத் தேசத்தின் பள்ளிக்கூடத்துக்குச் சித்திர ஆசிரியர் வாரத்தில் மூன்று அரை நாள் போதும் என்று கணக்குப் போட்டது யார்? நம்மைப் போன்ற கணக்கு வாத்தியார் யாரோதான் போட்டிருக்க வேண்டும்.

நாஞ்சில் நாட்டுப் பிள்ளைகளுக்குச் சித்திரம் கற்கச் சாமான் எதுவும் வெளியூரிலிருந்து வரவேண்டியதில்லை. சுசீந்திரத்தில் ஏழு நிலைக் கோபுரத்தின் உள்ளே சுவர்ச் சித்திரங்கள். பிரகாரத்தில் விளக்குப் பாவைகள். பத்மநாபபுரம் அரண்மனையின் உப்பரிகையிலே மூலிகை வர்ணங்களில் தெய்வங்கள். சிதறால் மலைப் பாறையிலே சமணச் சிற்பங்கள். திருநந்திக்கரைக் குகையிலே அழிந்ததும் அழியாததுமாய் ஆயிரம் வருஷத்துக் கோடுகள். மயிலாடியிலே இன்றும் உளிச் சத்தம் கேட்கிறது. வடசேரியிலே கோயில் நகை செய்கிற ஆசாரிகள் காகிதத்தில் வரைந்துகொண்டுதான் கல் பதிக்கிறார்கள். குறை ஒன்றுதான்: இவற்றின் முன்னே பிள்ளைகளைக் கொண்டுபோய் உட்கார்த்தி, "பார்" என்று சொல்ல ஓர் ஆள். அந்த ஆளுக்கு ஒரு பீரியடு.

* * *

கடைசியில் நம் தீர்ப்பைச் சொன்னோம். "அவள் போகட்டும். இரண்டு பாதையிலும் போகட்டும்." மகன், "சம்பளம்?" என்றான். பயம் நியாயமானதுதான். அதை இல்லையென்று சொல்ல நமக்கு வாய் வரவில்லை. "உன் பயத்துக்குக் காரணம் அந்த வேலை அல்ல, அந்த வேலையை நாங்கள் நடத்தின விதம். நான் செய்ததற்கு அவள் ஏன் அபராதம் கட்டவேண்டும்?" என்றோம். வெகு நேரம் கழித்து, "நாலு வருஷப் பட்டம் இருந்தால் வேறு வேலைக்கும் உதவும்" என்று அவன் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். மருமகள் மட்டும் இன்னும் முழுவதும் சமாதானமாகவில்லை. ஆயினும் பித்தளைக் குடத்தைத் தானே துலக்கி முக்காலியின்மேல் வைக்கிறாள்.

பேத்தி இப்பொழுது திருவனந்தபுரத்துக் கல்லூரியில் முதல் வருஷம் படிக்கிறாள். லோயர் கிரேடு பரீட்சைக்கும் சாதகம் நடக்கிறது. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வருகிறாள். அப்போது தெருப் பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு பஸ் ஏறிச் சுசீந்திரம் போகிறோம். பிள்ளைகள் பிரகாரத்தில் உட்கார்ந்து வரைகிறார்கள். பேத்தி அவர்கள் வரைவதைப் பார்க்கிறாள். பென்சில் சீவுவதும் தண்ணீர்க் குப்பி சுமப்பதும் நம் உத்தியோகம். முதல் ஞாயிறு ஒரு சிறுவன் விளக்குப் பாவையை விட்டுவிட்டு, அதன் காலடியில் தூங்கிய பூனையை மட்டும் வரைந்து கொண்டுவந்து காட்டினான். "பாவை எங்கேடா?" என்று கேட்க வாயெடுத்தோம். பேத்தி நம்மை ஒரு பார்வை பார்த்தாள். வாயை மூடிக்கொண்டு, சிவப்பு மையைப் பற்றிய ஞாபகத்துடன், அடுத்த பென்சிலைச் சீவத் தொடங்கினோம்.

தொள்ளாயிரம் மணி நேரத்தில் இதுவரை பன்னிரண்டு மணி நேரம் அடைபட்டிருக்கிறது. மிச்சத்தை அடைத்துத் தீர்க்க நம் ஆயுள் போதாது என்பது சாதாரணக் கழித்தலிலேயே தெரிந்துவிடும். ஆகையால் நேயர்களிடம் ஓர் உதவி கேட்கிறோம். உங்கள் வீட்டுக் குழந்தை இன்று பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் அதன் கால அட்டவணையை வாங்கிப் பாருங்கள். டிராயிங் என்று ஒரு கட்டம் இருந்தால், அந்த நேரத்தில் வகுப்புக்குள் வருகிறவர் யார் என்று கேளுங்கள். வருகிறவர் கணக்கு வாத்தியாராயிருந்தால், அவருக்கு இந்தக் கட்டுரையைப் படிக்கக் கொடுங்கள்.